அழுத்திய இடமும் விட்ட இடமும்

கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிய, பினாங் ஸ்ட்ரீட்டில் பெர்ரி துறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சட்டை முழுக்கச் சிவப்புத் தூள். மூலைக் கோப்பிக் கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வேலை போனா இன்னொரு வேலை லா. இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றார். வேலை போனது உண்மைதான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடிக்கடி வேலையை விட்டவன் என்பதால் முகமே அந்தச் செய்தியைச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். ஆனால் நான் அழவில்லை. அது மிளகாய்.

கணினிக்கு நிரல் எழுதுகிறவன் மூக்கு நிறைய மிளகாய்த் தூளோடு தெருவில் போக வேண்டி வந்தது எப்படி என்று இப்போது எழுதுவதற்குக் காரணம், நான் ஓய்வு பெற்ற அன்று ஆபிஸ் இளையவர்கள் கேட்ட கேள்வி. "அண்ணே, அந்தக் காலத்துல ஒரு க்ளிக்குக்குக்கூட நீங்களே எழுதணுமாமே, உண்மையா?" இன்று அவர்கள் கண்ணாடியை விரலால் தடவுகிறார்கள். எந்த இடத்தில் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. நாங்கள்தான் அந்த யாரோ.

நான் பிறந்தது சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அப்பா இறந்ததும் லயத்து வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது. அம்மா என் அக்காள் வீட்டுக்குப் போனார். எனக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற வசதி கிடைத்தது. செம்பனைக் குலை ஏற்றினேன். ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தேன். பெர்ரியில் கயிறு இழுத்தேன். புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் பற்றவைப்பு வேலை பார்த்து, ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவன் அப்படியே நடந்து போய்விட்டேன். எந்த இடத்திலும் அடுத்தடுத்து இரண்டு தீபாவளி கொண்டாடியதில்லை. படுக்க இடமில்லாத நாட்களும் இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்க இடமில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினிகளை லாரியில் கொண்டுபோய் இறக்கும் வேலையில் இருந்தேன். பீச் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடிக்கு ஒரு திரைப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலே ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

தரை முழுக்கச் சதுரச் சதுரமான ஓடுகள். அதன்மேல் சுண்ணக்கட்டியால் நீளமான ஒரு பட்டை வரைந்திருந்தது. பட்டையின் இரண்டு முனையிலும் முக்கோணம், நடுவில் ஒரு கட்டை. அந்தப் பெண் மேல் முக்கோணத்தில் ஒரு காலை ஊன்றி நின்றாள். சுவரில் சாய்ந்து, முழுக்கைச் சட்டையைக் கச்சிதமாகப் பொத்தான் போட்ட ஒரு மெலிந்த மனிதர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பெட்டியக் கீழ வச்சிட்டு இப்படி வந்து நில்லுங்க. ஒரு ஆள் கொறையுது. நீங்கதான் சன்னல்" என்றார்.

"என்ன சன்னல் சார்?"

"திரையில தெறக்குமே, அந்தச் சன்னல். இவங்க மவுஸ். இவங்க காலை வச்சா ஒங்களுக்குச் சேதி வரும். எந்த ஓட்டுல வச்சாங்கன்னு மட்டும்தான் அந்தச் சேதியில இருக்கும். அது முனைப் பொத்தானா, நடுக்கட்டையா, வெறும் பட்டையான்னு ஒங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

முனைப் பொத்தானில் கால் இருக்கும்வரை, திரையில் பட்டியல் ஓடுவதற்காக, "ஓடு, ஓடு" என்று நான் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். அந்தப் பெண் ஊன்றிய காலைத் தேய்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வெளியே போய், அங்கே காலைத் தூக்கினாள். நான் விடாமல் "ஓடு, ஓடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஹோய், காலை எடுத்துட்டேன் லா. நிறுத்துங்க" என்றாள் அவள்.

"என் வீட்டுக்கு வெளிய எடுத்தீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். அந்த வாரம் ஒரு கிளினிக்கில் இவர்கள் எழுதிக் கொடுத்த நோயாளிப் பட்டியல் நிற்காமல் ஓடியிருக்கிறது. பதிவு மேசையில் இருந்த பெண் பயந்து மின்சாரத்தை அணைத்துவிட்டாள். அவள் உள்ளே அழுத்தி வெளியே விட்டிருக்கிறாள். விட்ட சேதி சன்னலுக்கு வந்து சேரவில்லை. சாருக்கு விடை முன்பே தெரியும். ஜெயாவுக்கு, அதுதான் அந்த ஒற்றைக்கால் பெண்ணுக்கு, அதைக் காட்டுவதற்காகத்தான் அந்தக் கூத்து. அழுத்திய நொடியிலிருந்து விடும்வரை மவுஸ் எங்கே அலைந்தாலும் சேதியெல்லாம் நமக்கே வரவேண்டும் என்று முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், விட்டதும் நாமும் விட்டுவிட வேண்டும். இதுதான் நான் அந்தத் தொழிலில் கற்ற முதல் பாடம். லாரி கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் இறங்கிப் போகவில்லை.

அதன்பிறகு படித்ததைச் சுருக்கிவிடலாம். தலையணை கனத்துக்கு ஆங்கில வழிகாட்டிகள், பக்கத்தில் ஓர் அகராதி, அகராதிக்கும் புரியாதபோது ஜெயா. அவள் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு ரொட்டி சானாய் வாங்கித் தரச் சொல்வாள். நான் தேறியபோது அவளுக்கு எடை கூடியிருந்தது.

அந்த மெலிந்த மனிதர், தேவராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் 'க்ளிக்' என்ற சொல்லை ஆபிசில் அனுமதிக்க மாட்டார். "க்ளிக்னு ஒண்ணு கெடையாது. அழுத்தறது ஒண்ணு, விடறது ஒண்ணு. நடுவுல மனுசனுக்கு மனசு மாறலாம். மாறுறதுக்கு நாம எடம் விடணும்" என்பார். பொத்தானை அழுத்தியதும் எதுவும் நடக்கக்கூடாது. அது அமுங்கியது போலக் காட்டினால் போதும். அழுத்திய பகுதிக்குள்ளேயே விட்டால்தான் வேலை நடக்கும். வெளியே இழுத்துக் கொண்டுபோய் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். எந்தக் கோளாறோடு போய் நின்றாலும் அவர் திரையைப் பார்க்க மாட்டார். "எங்க விழுந்துச்சு? எங்க விட்டாங்க?" இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். பதில் தெரியாதவன் நின்றுகொண்டே இருப்பான்.

அவருடைய இடக்கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. முன்பு அவர் வேலை பார்த்த இடத்தில் தகடு வெட்டும் இயந்திரம் மிதித்த உடனே இறங்குமாம். ஜெயாதான் சொன்னாள். அவர் சொன்னதில்லை.

இனி பரமேஸ்வரி அக்காவின் கதை.

பினாங் ஸ்ட்ரீட்டில் காதர் முதலாளிக்கு ஒரு சரக்கு விடுவிப்பு நிறுவனம் இருந்தது. மெட்ராஸ் பக்கமிருந்து கப்பலில் வரும் வெங்காயம், மிளகாய், துணி எல்லாம் துறைமுகத்திலிருந்து வெளியே வர அவர்கள்தான் காகிதம் பார்ப்பார்கள். முதலாளி பருத்த உடம்பு, கலகலப்பான மனிதர். எல்லாக் காகிதமும் தலைமை எழுத்தர், அதாவது தலைமைக் கிராணி, பரமேஸ்வரி அக்காவின் கை வழியாகத்தான் போகும். அக்காவின் குடும்பம் அவருடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. குடும்பத்தில் எல்லோரும் கிராணி வேலை. அக்காவின் மேசையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் நிரலைவிட ஒழுங்காக இருக்கும். இழுப்பறையில் முத்திரை மை, அதற்குப் பக்கத்தில் மூச்சிழுப்புக்கு உறிஞ்சும் மருந்துக் குழல்.

அவர்களுக்கு நான் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். வரிக்கு ஒரு சரக்கு. கப்பல், பொருள், சரக்குக்காரர் பெயர் என்று பத்திகள். கடைசிப் பத்தியின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் மவுஸை அழுத்தி, அதற்குள்ளேயே விட்டால் சரி அடையாளம் விழும், சரக்கு விடுவிக்கப்பட்டது என்று பொருள். உடனே ஒரு சீட்டு அச்சாகும். துறைமுகத் தெரு வெல்ட் கீயில் இருக்கும் கிட்டங்கியிலிருந்து வரும் ஆள் அதை எடுத்துப் போவான், சரக்கு லாரியில் ஏறிவிடும்.

இதில் முதலாளி கேட்டுச் சேர்த்தது ஒன்று உண்டு. பத்திகளுக்கு நடுவே இருக்கும் கோட்டைப் பிடித்து இழுத்தால் பத்தி அகலமாகும், குறுகும். சாதாரணமாக அதைத் தலைப்பில் மட்டும்தான் பிடிக்க முடியும். முதலாளிக்கு அது பிடிபடவில்லை. "என் கைக்கு அந்த எடம் பத்தாது தம்பி. கோட்டுல எங்க புடிச்சாலும் வரணும்" என்றார். அப்படியே செய்தேன். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கோட்டை இழுத்து இழுத்துக் காட்டினார். புதிதாக அக்கார்டியன் வாங்கியவர்போல இருந்தார்.

அடுத்த கப்பல் வந்தது. தொலைபேசியில் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்கட மெஷின் என்ட சரக்குக்காரரைத் தின்னுட்டுது."

"எந்தச் சரக்குக்காரர் அக்கா?"

"எல்லாரையும். அந்தப் பத்தியே இல்லை. வெங்காயம் இருக்குது, மிளகாய் இருக்குது. யாருடையதுன்னு இல்லை. நான் யாருக்குக் குடுக்கட்டும், கோயிலுக்கா?"

ஓடினேன். சரக்குக்காரர் பத்தியின் கோடு இடப்பக்கம் நெருங்கி, பத்தி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அக்கா கோட்டைத் தொடவே இல்லை என்று சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொன்னேன். தட்டச்சுத் தேர்வில் உட்கார்ந்த மாணவிபோல நிமிர்ந்து, பெட்டியின் நட்ட நடுவில் அழுத்தி, நட்ட நடுவில் விட்டார். ஒரு குறையும் இல்லை. நான் கிளம்பினேன். அடுத்த கப்பலுக்குப் பத்தி மறுபடி காணாமல் போனது.

பத்தி ஓர் அளவுக்குக் கீழே குறுகாதபடி மாற்றினேன். இப்போது பத்தி இருந்தது, பெயர்களில் முதல் ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்தது. அங்கே சரக்கு எடுப்பவர்களில் பாதிப் பேர் முகமது. "எல்லாச் சரக்கும் எம்முக்கு வந்திருக்குது தம்பி. எம் பெரிய பணக்காரர் போல" என்றார் அக்கா. கோட்டைப் பிடிக்கும் இடத்தை மெலிதாக்கினேன். மறுநாளே முதலாளி கூப்பிட்டு, "கோடு செத்துப்போச்சு தம்பி" என்றார். திரும்பப் பழையபடி ஆக்கினேன்.

முதலாளிக்குப் பொறுமை போனது. நல்ல மனிதர்தான். ஆனால் மெஷின் புதிது, அக்கா பழையவர். "மத்தவங்க தொட்டா ஒழுங்கா இருக்கு. அக்கா தொட்டாத்தான் ஓடிப் போவுது. அடுத்த கப்பலுக்கும் இப்படி ஆச்சுன்னா மெஷினுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன். அக்கா கிட்டங்கியில உக்காந்து மூட்டைக் கணக்கு பார்க்கட்டும். அங்க ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அந்தக் கிட்டங்கியில் மிளகாய் மூட்டை அடுக்கியிருப்பார்கள். அக்கா ஒருமுறை அங்கே ஏதோ கையெழுத்துக்குப் போய்விட்டு, மூச்சுத் திணறி, இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிவரத் திரும்பியிருக்கிறார். இது முதலாளிக்கு மறந்திருந்தது. அக்கா நினைவூட்டவில்லை. "நான் போய் இருமிக்கிட்டு இருக்கறன். நீங்கள் மெஷினைச் சரிபண்ணுங்கோ" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அடுத்த கப்பல் வருவதற்குள் காரணம் தெரிய வேண்டும். வேறு வழி தோன்றாமல் தினமும் அவர் மேசைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால் ஒழுங்காகச் செய்தார். ஒரு நாள் தாமதமாக வந்த காகிதக் கட்டு ஒன்றை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா என்னை மறந்துவிட்டு சாப்பைக் கையில் எடுத்தார். மரப்பிடி போட்ட ரப்பர் முத்திரை, அதைத்தான் சாப்பு என்போம்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சாப்பின் இடது ஓரம் தேய்ந்திருந்தது. நேராகக் குத்தினால் கம்பெனிப் பெயரில் முதல் பாதி விழாது. அக்கா வலது ஓரத்தை ஊன்றி, இடப்பக்கம் உருட்டி, தூக்கினார். ஊன்றி, உருட்டி, தூக்கி. கட்டு முடிந்ததும் அதே வேகத்தில் அதே கை மவுஸுக்குப் போனது. பெட்டியின் இடது ஓரத்தில் ஊன்றி, இடப்பக்கம் உருட்டி, தூக்கினார்.

பத்தி காணாமல் போனது.

"பார்த்தீங்களோ? நான் ஒண்டுமே செய்யேல்லை" என்றார் அக்கா.

அவர் அடையாளம் இடவில்லை. சாப்பு குத்தினார். கப்பல் வந்தால்தான் காகிதக் கட்டு வரும், கட்டு வந்தால்தான் கை சாப்புக் கை ஆகும். மற்ற நாட்களில் அது மவுஸ் கைதான்.

சாரிடம் ஓடினேன்.

"எங்க விழுந்துச்சு?"

"பெட்டியோட எடது ஓரத்துல சார். அங்கேயே கோட்டோட பிடியும் இருக்கு. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கு."

"ஏறியிருந்தா மொதல்ல யாரக் கேட்டீங்க?"

எங்கள் நிரலில் அது அப்படித்தான். சேதி வந்ததும், இந்தப் புள்ளி உன்னுடையதா என்று பகுதி பகுதியாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். முதலில் 'ஆமாம்' சொல்லும் பகுதிக்கே அது சொந்தம். நான் முதலில் கோட்டைத்தான் கேட்டிருந்தேன். முதலாளி கேட்டுச் சேர்த்தது என்பதால் அவருடைய கேள்வியைக் கொண்டுபோய் உச்சியில் வைத்திருந்தேன். ஜெயா அதைப் படித்துவிட்டு, "நிரலுக்குள்ளயும் மொதலாளிக்கு முன்வரிசை நாற்காலியா?" என்றாள்.

கேள்வியின் வரிசையை மாற்றினேன். முதலில் பெட்டி, பிறகு கோடு. பத்தி இனிமேல் ஓடாது. ஆனால் வேறொரு தொல்லை வந்தது. அக்காவின் கை உருளும்போது, விடும் இடம் பெட்டிக்கு வெளியே போய்விடும். சாரின் சட்டப்படி அது மனசு மாறியதற்கு அடையாளம். சரி அடையாளம் விழாது. பத்தி ஓடாமல் இருந்தும் என்ன பயன், சரக்கே விடுபடவில்லை என்றால்?

"இந்தப் பெட்டிக்கு மட்டும் அழுத்தின உடனே விழுற மாதிரி வச்சிடலாம் சார்" என்றேன்.

"முடியாது."

"அக்கா சாப்பு மாதிரிதான் சார் குத்தறாங்க. அவங்க சொல்றாங்க, நான் யோசிச்சு முடிச்ச பிறகுதான் கை இறங்கும்னு."

"அவங்க யோசிச்சிட்டு எறக்குவாங்க. அந்த மவுஸை இன்னொருத்தர் தொட மாட்டாரா? அது சரி போட்டா சரக்கு வெளிய போயிடும் மணியம். அழுத்தின ஒடனே நடக்கற எதுவும் என் ஆபிஸ்லருந்து போகாது." பாதி விரலால் மேசையைத் தட்டினார். "வேற வழி யோசிங்க. நானும் யோசிக்கறேன்."

மறுநாள் காலை கப்பல் வந்துவிட்டது. யோசிப்பதற்கு நேரமில்லை என்பது என் கட்சி. சாருக்கு விரல் நினைவில் இருந்தது, எனக்கு மருந்துக் குழல். அழுத்தினால் உடனே விழும்படி எழுதி, நெகிழ்வட்டில் எடுத்துக்கொண்டு நேரே பினாங் ஸ்ட்ரீட் போய் ஏற்றிவிட்டேன்.

முதலாளி அக்காவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா சாப்பை எடுத்தார். கட்டு கட்டாகக் குத்தினார். மவுஸை எடுத்தார். ஊன்றி, உருட்டி, தூக்கினார். சரி விழுந்தது. பத்தி அசையவில்லை. அடுத்தது. அடுத்தது. அச்சு இயந்திரம் சீட்டு சீட்டாகத் துப்பியது. கிட்டங்கி ஆள் வந்து வந்து எடுத்துப் போனான். ஒரு பெயரும் காணாமல் போகவில்லை. எம் தன் பணத்தையெல்லாம் இழந்து மறுபடியும் பல முகமதுகளாகப் பிரிந்திருந்தார். அக்கா திரும்பி முதலாளியைப் பார்த்தார். அவர் எழுந்து, "குடிக்கத் தே ஓ அனுப்பச் சொல்றேன்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

அங்கேயே முடிந்திருந்தால் நான் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றிருப்பேன்.

மதியத்துக்குப் பிறகு முதலாளியைப் பார்க்க ஒரு விருந்தாளி வந்தார். அக்கா முகம் கழுவப் போயிருந்தார். முதலாளி அக்காவின் நாற்காலியில் அமர்ந்து, "இங்க பாருங்க, கோட்டுல எங்க புடிச்சாலும் வரும்" என்று மவுஸை அழுத்தினார். கோடு வரவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தி இழுத்தார். வரவில்லை. இன்னும் கீழே போய் அழுத்தினார். கடைசியாக வந்தது. அவர் மகிழ்ச்சியோடு அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தபோது அச்சு இயந்திரம் சீட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. கிட்டங்கி ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

அக்கா திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"முதலாளி, இந்த மிளகாயை ஆர் விட்டது? இதுக்கு இன்னும் காகிதமே வரேல்லை."

சாப்பிட்டுத் திரும்பி நான் அப்போது படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன், அது காதில் விழுந்தது. எப்போது கீழே இறங்கினேன் என்று தெரியாது. பினாங் ஸ்ட்ரீட்டிலிருந்து வெல்ட் கீ வரை ஓடினேன். கிட்டங்கி வாசலில் லாரி நின்றது, மூட்டைகள் பாதி ஏறியிருந்தன. ஓட்டுநர் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டான். லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"என்ன லா நீ, போலீசா?"

"இல்ல அண்ணே. நான்தான் கம்ப்யூட்டரு."

அவன் இயந்திரத்தை அணைத்தான். இறக்குவதற்கு ஆள் இல்லை. ஏற்றியவர்கள் மீ கோரேங் சாப்பிடப் போய்விட்டார்கள். நானே இறக்கினேன். செம்பனைக் குலை ஏற்றிய தோள்தான். ஆனால் செம்பனைக்குத் தும்மல் வராது. ஒரு மூட்டை வாயவிழ்ந்து என் தலைமேல் கொட்டியது.

அந்தக் கோலத்தோடு திரும்பினால் முதலாளி விருந்தாளியை அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார். அக்காவைத் திட்டுவாரோ என்றுதான் எனக்குப் பயம். அவர் என் சட்டையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். "நான்தான் அழுத்துனேன். என் கையிலயே நடந்திச்சு. இனிமே அந்த நாற்காலியில நான் உக்காரல. அக்காவே இருக்கட்டும்" என்றார். உள்ளேயிருந்து அக்கா, "மிளகாய் நெடி அடிக்குது, தம்பியை வெளியில நிக்கச் சொல்லுங்கோ" என்றார். அவருடைய நன்றி அவ்வளவுதான். எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாடிப்படி ஏறி சாரிடம் போனேன். செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. ஜெயா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சார் சிரிக்கவில்லை.

"எங்க விழுந்துச்சு?"

"பெட்டியில சார்."

"எங்க விட்டாரு?"

"கோட்ட இழுத்து, பெட்டிக்கு வெளிய."

"அவருக்கு மனசு மாறிச்சா?"

"அவரு மனசே வைக்கல சார்."

சார் சுண்ணக்கட்டியை எடுத்துக் குனிந்து தரையில் கோட்டைப் போட்டார். கோட்டிலிருந்து நாலு ஓடு தள்ளிப் பெட்டியைப் போட்டார். பெட்டியைச் சுற்றி, அந்த வரி முழுவதும் அடங்கும்படி பெரிதாக ஒரு வளையம் போட்டார்.

"பெட்டிய கோட்டுலேருந்து தள்ளி வைங்க, ஜெயா. அழுத்தற எடம் சின்னதா இருக்கட்டும். விடுற எடம் பெருசா இருக்கணும். இந்த வரிக்குள்ள எங்க விட்டாலும் சரி. வரியத் தாண்டிப் போனாத்தான் மனசு மாறினதா அர்த்தம். அவங்க கை எடப்பக்கம்தான் உருளுது, மேல கீழ போகல. உருளட்டும்."

பெட்டியை நகர்த்துவது. அவ்வளவுதான். சட்டத்தையும் அக்காவின் கையையும் சண்டை போட வைத்த எங்கள் யாருக்கும், பெட்டி அங்கேதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்ற கேள்வி வரவில்லை. பிறகு வந்த வருடங்களில் எத்தனையோ ஆபிசுகளில், எத்தனையோ திரைகளுக்கு எழுதினேன். அழுத்தும் இடத்தைவிட விடும் இடத்தைப் பெரிதாகத்தான் வைத்தேன். யாரும் அதைக் கவனித்ததில்லை. கவனிக்காமல் இருந்தால்தான் அது சரியாக இருக்கிறது என்று பொருள்.

சார் கையிலிருந்த சுண்ணத்தைத் துடைத்தார். "லாரிய ஓடிப்போய் நிறுத்தினீங்க. அது நல்ல காரியம். நிறுத்த வேண்டிய நெலமை வந்துச்சே, அது சொல்லாமக் கொள்ளாம வட்டு எடுத்துட்டுப் போனதால. அந்தம்மாவுக்கு நீங்க செஞ்சது சரி. எனக்குச் செஞ்சது சரியில்ல. நாளைலேருந்து வரவேணாம் மணியம்."

"சரி சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை, எனக்கும் வரவில்லை. அந்த இடத்தில் என்னுடைய இரண்டாவது தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த வழக்கத்தையும் மாற்ற முடியவில்லையே என்றுதான் நினைத்தேன்.

கண்ணில் நீர் வழிய நான் கோப்பிக் கடையைத் தாண்டி நடந்தது அப்போதுதான். துறை வரை போனேன். பெர்ரியில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். பெர்ரி வந்தது, ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள், போனது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்தார்கள். முதலாளி. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஜெயாப் பொண்ணு சொல்லிச்சு. தம்பி, கிட்டங்கியில நாற்காலி போட்டுட்டேன் லா. அக்கா வரப் போறதில்ல. அது சும்மாவே கெடக்குது. மூட்டைக்கணக்கு பார்ப்பீங்களா?"

மறுநாள் காலையில் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் மிளகாய். உட்கார்ந்ததும் தும்மினேன். முதல் சரக்கு உள்ளே வந்தது. வாங்கிக்கொண்டதற்குக் குத்தும்படி மேசையில் ஒரு சாப்பு வைத்திருந்தார்கள். அக்காவுடைய சாப்போடு ஒன்றாக வாங்கிய ஜோடி. மைப்பெட்டியில் தொட்டு, நேராக, நன்றாக அழுத்திக் குத்தினேன். ஆள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனான். சற்றுப் பிறகு தொலைபேசி அடித்தது.

"தம்பி" என்றார் பரமேஸ்வரி அக்கா, "பாதிக் கம்பெனிதான் சரக்கை வாங்கியிருக்குது. மிச்சப் பாதி எங்க?"

காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பை எடுத்தேன். வலது ஓரத்தை ஊன்றி, இடப்பக்கம் உருட்டி, தூக்கினேன். முழுப் பெயரும் விழுந்தது.